பூநாரைக்கு எத்தனை எக்ஸ்?

எங்கள் வீட்டில் துப்பாக்கி கிடையாது. பரம்பரையிலேயே கிடையாது. ஆயுதம் என்று சொல்லத்தக்கது ஒரு கொசு மட்டைதான். அதற்கும் சார்ஜ் நிற்பதில்லை. அப்பேர்ப்பட்ட வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க, துப்பாக்கிக்கு மேலே மாட்டுகிற ஸ்கோப்பில் எது உசத்தி, வேட்டைக்கு எது, போட்டிக்கு எது என்று விவாதம் நடந்தது. சாம்பார் ஆறிப்போகும் அளவுக்கு நடந்தது.

காரணம் இரண்டு பேர். ஒருவர் நடிகர் அஜித் குமார். 2021-ல் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் அவர் பதக்கம் வாங்கிய நாளிலிருந்து என் அக்கா மகனுக்குத் துப்பாக்கிமேல் பக்தி வந்துவிட்டது. அவர் சுட்டது கைத்துப்பாக்கி, அதன் தலையில் ஸ்கோப் எதுவும் கிடையாது என்பதெல்லாம் பக்தர்களுக்கு வேண்டாத விவரம்.

இன்னொருவர் என் மச்சான். டெக்சஸில் இருக்கிறார். வருடம் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, நவம்பர் பிறந்ததும் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். அங்கே அதற்கு லைசென்ஸ், சீசன், ஆளுக்கு இத்தனை மான் என்று கணக்கெல்லாம் உண்டு. சொந்த ஊரில் கோழியை அறுக்கும்போது கொல்லைப்புறம் ஓடிப்போனவர் அவர் என்பதை என் மனைவி அவருடைய அமெரிக்க நண்பர்களிடம் இதுவரை சொல்லவில்லை. அந்த ரகசியம் கையில் இருப்பதால்தான் அண்ணன் மாதாமாதம் ஒழுங்காக போன் செய்கிறார் என்பது என் யூகம்.

நடுவில் நான். எனக்கு வேண்டியது ஒரு பைனாகுலர். பழவேற்காட்டுக்குப் போய்க் கரையில் நின்றால், ஏரியின் அந்தக் கோடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். உப்புப் படிவா, நுரையா, பூநாரையா என்று சொல்ல முடியாது. கோடு நடக்க ஆரம்பித்தால் பூநாரை. அந்த நிச்சயமின்மைக்கு ஒரு முடிவு கட்டலாம் என்றுதான் பைனாகுலர் பேச்சை எடுத்தேன்.

"மாமா, எதுக்கு ரெண்டு செலவு? ஒரு நல்ல ஸ்கோப்பா வாங்கிட்டா நீங்க பறவை பாத்துக்கலாம், நான் பின்னால ஏர் ரைஃபிள் வாங்கி மாட்டிக்கறேன்" என்றான் மருமகன். 'ஒரே செலவு' என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். அந்த நிமிடத்திலேயே என் பைனாகுலர் தோற்றுவிட்டது. நிபுணர் கருத்துக்காக டெக்சஸுக்கு வீடியோ கால் போட்டார்கள்.

மச்சான் முகம் திரையில் வந்ததும் முதலில் தெரிவது அவருடைய வலது புருவத்துக்கு மேலே உள்ள பிறை வடிவத் தழும்பு. நெற்றிக்கண் திறக்கப் பார்த்துப் பாதியில் மனசு மாறியதுபோல் இருக்கும். புதிதாகச் சுடப் பழகியபோது வந்தது. பெரிய துப்பாக்கி வெடிக்கும்போது பின்னால் உதைக்கும். கண்ணை ஸ்கோப்பின் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்திருந்தால், அந்தக் குழாயின் விளிம்பு வந்து புருவத்தில் முத்திரை குத்திவிட்டுப் போகும். அதனால்தான் வேட்டை ஸ்கோப்பை, கண்ணிலிருந்து எட்டு ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தாலும் முழுக்காட்சி தெரியும்படி செய்கிறார்கள். பைனாகுலர் உதைக்காது, அதில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போதும். "ஸ்கோப் வாங்குறப்ப முதல்ல இதைத்தான் மாப்ள பாக்கணும்" என்று தழும்பைத் தொட்டுக் காட்டினார். சொன்னது உண்மை; சாட்சி நெற்றியிலேயே இருக்கிறது.

அப்புறம் எண்கள். '3-9x40' என்றால், படத்தை மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்குவரை பெரிதாக்கலாம், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பல பேர் வைத்திருப்பது இந்த ரகம்தானாம். "இருபத்தஞ்சு மடங்கு இல்லையா மாமா?" என்று மருமகன் ஏமாற்றத்தோடு கேட்டான். மச்சான் சிரித்தார். காட்டில் மான் நூறு, நூற்றைம்பது மீட்டரில் நிற்கும். புதரிலிருந்து திடீரென்று வரும். இருபத்தைந்து மடங்கில் பார்த்தால் மானின் காதுமடல் மட்டும் ஸ்கோப் முழுக்க நிறையும். மான் எந்தப் பக்கம் என்றே தெரியாது. உன் நெஞ்சுத் துடிப்பும் இருபத்தைந்து மடங்கு ஆடும். பெரிய மடங்கெல்லாம் கட்டாந்தரையில் முக்காலி போட்டு, தூரத்தில் உள்ள காகிதத்தைச் சுடுகிறவர்களுக்கு. காகிதம் ஓடாது.

அன்றைய பேச்சில் நான் மதித்து எழுதிவைத்துக்கொண்டது வேறு ஒரு கணக்கு. முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். மூன்று மடங்குக்கு இறக்கினால் 13. வாலிப வயதில் இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். என் வயதுக்கு 5 விரிந்தாலே பெரிய விஷயம். கண் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மேல் வரும் வெளிச்சம் வீண். குறைவாக வந்தால் படம் மங்கல். மான் வருவது விடியற்காலையிலும் அந்தி மயங்கும்போதும்தான் என்பதால் வேட்டைக்காரர்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. மானுக்கும்தான்.

இந்தக் கணக்கு தலையில் ஏறிய பிறகு சென்னை பர்மா பஜாருக்குப் போவது தனி இன்பம். ஒரு கடையில் உள்ளங்கை அளவு மடக்கு பைனாகுலரை நீட்டினார்கள். மேலே '30x60' என்று பொறித்திருந்தது. 60 மில்லிமீட்டர் என்றால் முன்கண்ணாடி ஒரு சின்ன டம்ளர் வாய் அளவாவது இருக்க வேண்டும். இது பழைய நாலணா அளவு. "சார், நைட்லயும் பாக்கலாம். இதுல பாத்தா நிலாவுல பாட்டி வடை சுடுறது தெரியும்" என்றார் கடைக்காரர். கண்ணாடி செக்கச்செவேலென்று மின்னியது. 'ரூபி கோட்டிங்' என்று இதற்குப் பெயர். மட்டமான லென்ஸ் வண்ணங்களை ஒன்றாகக் குவிக்காது. பொருளின் ஓரத்தில் சாயம் பிரியும். அந்தக் குறையை மறைக்கச் சிவப்பு வெளிச்சத்தின் ஒரு பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிற பூச்சு அது. உள்ளே போய்ச் சேர்வது பச்சை தட்டின உலகம். பூநாரையைப் பார்க்கப் போகிறவனுக்கு, சிவப்பை மட்டும் தடுக்கிற கண்ணாடியை விற்கிறார் என்பதை நினைத்தால் அவருடைய வியாபாரத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

நல்ல கண்ணாடியைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. முன்கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சே இல்லை. மங்கலான பச்சை, ஊதா நிறத்தில் தெரிந்தால் ஒளியை உள்ளே விடுகிற பூச்சு இருக்கிறது. பிறகு பைனாகுலரைக் கைநீட்டு தூரத்தில் வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். கண் வைக்கும் துளையில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் மிதக்கும். வட்டம் வட்டமாகவே இருந்தால் உள்ளே நல்ல பட்டகம். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் மட்டப் பட்டகம். இதை அந்தக் கடையில் செய்துகாட்டினேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

பழவேற்காட்டுக்கும் தொலைநோக்கிக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1608-க்குப் போக வேண்டும். அந்த வருடம் அக்டோபரில், டச்சு நாட்டின் மிடில்பர்க் ஊரைச் சேர்ந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக்கண்ணாடிக்காரர், தூரத்துப் பொருளைப் பக்கத்தில் காட்டும் குழாய்க்குக் காப்புரிமை கேட்டு அரசாங்கத்திடம் போனார். இதே குழாயை நானும் செய்திருக்கிறேன் என்று வேறு ஆட்களும் வந்து நின்றதால் உரிமை கிடைக்கவில்லை. இரண்டே வருடத்தில், 1610-ல், அதே டச்சுக்காரர்கள் விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கடை விரித்தார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை. துணியை வாங்கி ஏற்றினார்கள், அடிமைகளை ஏற்றினார்கள், கோட்டைப் பக்கத்திலேயே வெடிமருந்து ஆலையும் வைத்தார்கள். இங்கே அரைத்த மருந்து கிழக்கிந்தியத் தீவுகளில் உள்ள அவர்களுடைய கோட்டைகள்வரை போனது.

ஆக, ஸ்கோப் மாட்டிய துப்பாக்கிக்கு வேண்டிய இரண்டு சரக்கும் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது: ஊரில் குழாய், பழவேற்காட்டில் மருந்து. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து உருப்படியாகக் கட்ட உலகத்துக்கு மேலும் இருநூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில்தான் அது ஒழுங்காக நடந்தது. இப்போது கோட்டை இருந்த இடத்தில் முள்புதர். பக்கத்தில் டச்சுக் கல்லறைத் தோட்டம்; வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. மருமகன் அவற்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். அவன் தலைக்கு மேலே தொல்லியல் துறையின் நீலப் பலகை, தொட்டால் தண்டனை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைத் துரைமார்களுக்கு எண்ணூரும் பழவேற்காடும் வாத்து சுடப் போகிற இடங்கள். வாத்துக்கு ஸ்கோப் தேவையில்லை. சிதறு ரவைத் துப்பாக்கிதான். பறக்கிற கூட்டத்தின் பக்கம் ஒன்று விட்டால் ஏதாவது விழும். அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சியும் அப்படித்தான் நடந்தது. இது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அதைச் சுட்டுக் கையில் வைத்துப் பார்ப்பது. சாலிம் அலியே சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டவர். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்த அந்தக் குருவி என்ன ஜாதி என்று கேட்டுக்கொண்டு 1908-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அப்படி ஏறியவர்தான் இந்தியப் பறவையியலின் பெரியவர் ஆனார். இந்தக் கதையை மருமகனிடம் சொன்னது வம்பாகிவிட்டது. "பாத்தீங்களா மாமா, எல்லாம் ஏர்கன்லதான் ஸ்டார்ட் ஆகுது" என்றான். அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் அரசு கேட்டுக்கொண்டதற்காக மக்கள் தாங்களே முன்வந்து ஏர்கன்களை ஒப்படைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்தது. அதையும் சொன்னேன். அது அவன் காதில் விழவில்லை.

நம் ஊர் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னையில் இருந்துகொண்டு 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். கடையில் விற்கிற கேமரா எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒன்றின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் சேர்த்துத் தாமே ஒரு பெரிய யந்திரத்தைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தார். அதில்தான் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மடங்கு எத்தனை, பிராண்ட் என்ன என்று தினமும் புதிய விளம்பரம் பார்த்துக் கையைப் பிசையும் நமக்கெல்லாம் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே கொஞ்சம் வெட்கம் வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை விஷயம் சுருக்கம். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை இந்த நாட்டில் முடித்துவைத்துவிட்டன. பழவேற்காடு ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில், தெற்குப் பகுதி நம்மிடம். இரண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம். டெக்சஸ் மச்சான் இங்கே வந்து ஒரு நீலச்சிறகி வாத்தைச் சுட்டால், அவருடைய அடுத்த வீடியோ கால் புழல் சிறையிலிருந்து வரும்.

அவர் தன் பழைய ஸ்கோப்பை அனுப்பிவைக்கிறேன் என்றுதான் சொன்னார். அது நடக்கவில்லை. துப்பாக்கி ஸ்கோப் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள். ஊருக்கு வரும்போது பெட்டியில் வேட்டிக்கு நடுவில் செருகிக்கொண்டு வரும் சமாச்சாரம் இல்லை. மருமகன் சோர்ந்துவிடவில்லை. பாக்கெட் மணி சேர்த்து, ஏர்கன்னுக்கான ஒரு 4x32 ஸ்கோப்பை ஆன்லைனில் வரவழைத்துவிட்டான். துப்பாக்கி இன்னும் இல்லை. பெண் பார்ப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கினவன் கதைதான். நான் என் பங்குக்கு, கெஞ்சிக் கூத்தாடி, ஒரு 8x42 பைனாகுலருக்கு அனுமதி வாங்கினேன். பத்தாயிரத்துக்கு மேல் ஆயிற்று. எவ்வளவு மேல் என்பது இந்தக் கட்டுரையை என் மனைவி படிக்கக்கூடும் என்பதால் இங்கே அவசியமில்லை.

ஜனவரி மாதத்து விடியற்காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். படகுத்துறையில் இறால் ஏலம் முடிந்து, பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கரையோரமாக வடக்கே நடந்து ஓர் இடத்தில் நின்று, மருமகன் ஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். சற்று நேரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஃபாரஸ்ட் வாட்சர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"தம்பி, இது துப்பாக்கியில மாட்டறதுதானே?"

"ஆமா சார்."

"துப்பாக்கி எங்கே?"

"இன்னும் வாங்கல சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கழுத்தில் தொங்கிய பைனாகுலரை உயர்த்திக் காட்டினேன், அடையாள அட்டை மாதிரி. சரணாலயத்தில் ஸ்கோப்போடு நிற்கும் பையன், துப்பாக்கியை எங்கோ புதரில் வைத்திருக்கிறானோ என்று அவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே. டச்சுக் கோட்டைப் புதர்வரை பார்த்துவிட்டு வந்து, "இத உள்ள வைங்க. பாக்கறதுக்கு நல்லா இல்ல" என்றார். ஸ்கோப் தேர்வு பற்றி நான் கேட்ட கருத்துகளில் மிகத் தெளிவானது அதுதான்.

அவர் போன பிறகு மருமகன் மறுபடி எடுத்தான். பையன்களுக்குச் சொன்னால் கேட்குமா? ஆனால் அதில் ஒரு நல்லது நடந்தது. அவனுடைய ஸ்கோப்பின் குறுக்குக் கம்பியில் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு உள்ள இடைவெளி, ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சமம். பூநாரை நின்ற வாக்கில் சுமார் 1.3 மீட்டர் உயரம். ஒரு பூநாரை இரண்டு இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றது. 1.3-ஐ 2-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 650 மீட்டர். பள்ளிக்கூடத்தில் திரிகோணமிதிக்குக் கண்ணீர் விட்டவன், ஏரிக்கரையில் தானாக அதைப் போட்டுவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தான். குறுக்குக் கம்பியால் பூநாரைக்குத் தீங்கில்லாமல் செய்யக்கூடிய ஒரே காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் சரிபார்த்தோம். "அந்த நாரையா? கழி ஊன்றிப் போனா பத்து நிமிசம். ஆனா நீ கிட்டப் போறதுக்குள்ள அது போய்டும்" என்றார். மீட்டர் கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பார்ப்பதற்கு ஸ்கோப் எப்படி? நான்கு மடங்கு போதவில்லை என்பது இருக்கட்டும். ஒற்றைக் கண்ணால் பார்ப்பது பெரிய தண்டனை. கொஞ்ச நேரத்தில் மூடிய கண் துடிக்கத் தொடங்கும். மச்சானின் ஒன்பது மடங்கு ஸ்கோப்பாக இருந்தாலும் ஆயிரம் மீட்டரில் நாற்பது மீட்டர் அகலம்தான் தெரியும். என் 8x42-ல் நூற்று முப்பது. பறவை பறந்தால் ஸ்கோப்பில் வெறும் வானம். கடைசியாக, பறவை எங்கே திரும்பினாலும் அதன் கழுத்துக்கு நேராக ஒரு கறுப்புக் கோடு. கூழைக்கடா ஒன்று சாவகாசமாகக் கொட்டாவி விடுவதைக்கூடக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல்தான் பார்க்க முடிகிறது.

பைனாகுலரில் நான் கண்ட காட்சி ஒன்று. முழங்கால் தண்ணீரில் பூநாரைகள் வரிசையாக, தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வளைந்த அலகைச் சேற்றில் இழுத்து இழுத்து அரித்துக்கொண்டிருந்தன. தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள நாக்கு அசைவதால் தாடையின் அடிப்பகுதி விடாமல் துடித்தது. அதே வட்டத்துக்குள், இன்னும் இப்புறமாக, ஒரு பெண்மணி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்துகொண்டிருந்தார். பறிக்கூடையை வாயில் கடித்திருந்தார். இரண்டு கையும் சேற்றுக்குள். கை வெளியே வந்தபோது விரலிடுக்கில் ஓர் இறால் வளைந்து சுண்டியது; வாயிலிருந்த பறிக்குள் போயிற்று. கை மறுபடி உள்ளே. பறவைகள் அவரைக் கண்டு ஒதுங்கவில்லை. அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது, என்னைத் தவிர.

மீனவர் பைனாகுலரைக் கேட்டு வாங்கினார். பூநாரைப் பக்கம் திருப்பவே இல்லை. நேரே வடக்கே, தண்ணீரில் வரிசையாக நட்டிருந்த கழிகளைப் பார்த்தார். இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியின் எந்த இடத்தில் எந்தக் கூட்டத்துக்கு எப்போது வலை கட்டும் முறை என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஏற்பாடு. முறை தவறினால் பஞ்சாயத்து. அவர் நெடுநேரம் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆனது. "அவன் இன்னா இன்னைக்கு அங்க நிக்கிறான்?" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய்க் கண்ணாடி அந்த ஏரியில் செய்த முதல் உருப்படியான வேலை, ஒரு வழக்குக்கு அஸ்திவாரம் போட்டதுதான்.

அப்புறம் தெற்கே திருப்பினார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்களும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் அந்த மூலையில் நிற்கின்றன. "இத்த பாக்கறதுக்கு இது வேணாம் சார். வெறுங்கண்ணுக்கே பெருசாத்தான் ஆகிட்டு வருது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மடங்கைப் பற்றி டெக்சஸ் மச்சானுக்கு இவரிடம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

பத்து மணிக்குக் கானல் எழும்பிவிட்டது. வெயில் ஏறினால் தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே உள்ள காற்று நெளியும். பூநாரையின் கால்கள் துண்டு துண்டாகிக் கரையும், உடம்பு மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பக்கத்தில் ஒருவர் 60 மடங்குத் தொலைநோக்கியை முக்காலியில் வைத்திருந்தார். பார்க்கச் சொன்னார். கொதிக்கிற பாலுக்குள் ரோஜா நிறத்தில் ஏதோ கரைவது தெரிந்தது. மடங்கைக் கூட்டினால் கானலும் சேர்ந்தே பெருக்கும். 8 மடங்கிலேயே நெளிகிற காற்றை 60 மடங்கில் பார்க்க எதற்கு அவ்வளவு செலவு? இந்த ஏரியில் காலை ஒன்பதரைக்கு மேல் விலையுயர்ந்த கண்ணாடிக்கும் விலைகுறைந்ததற்கும் வித்தியாசம் இல்லை. இது என் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு வருகிறவர்கள் எட்டு மணிக்கே வரவும்.

மருமகன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தான், ஸ்கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அங்கே பயிற்சியாளர் அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக்கு இடமே இல்லை. பின்னால் ஊசித்துளை போன்ற ஒரு துளை, முன்னால் ஒரு வளையம். இரண்டையும் இலக்கையும் ஒரே மையத்தில் நிறுத்த வேண்டும். பத்து மீட்டர் தூரத்தில், பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். சுடுகிற ஈயக்குண்டோ 4.5 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதெல்லாம் இந்தத் துளை வழியாகப் பார்த்துத்தான். துளைக்கு மடங்கு கிடையாது. மூச்சைப் பிடித்து நிற்கிறவர் உடம்புதான் மொத்த யந்திரமும். மருமகன் இப்போது தினமும் கிளப்பில் வெறும் ரைஃபிளைத் தூக்கி, சுடாமல், அசையாமல் நின்று பழகுகிறான். வீட்டில் அவன் இவ்வளவு நேரம் அமைதியாக நிற்பதை அக்கா இதுவரை பார்த்ததில்லையாம்.

8x42 இப்போது பெரும்பாலும் என் மனைவியிடம்தான் இருக்கிறது. மாடியில் நின்று தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்குள் திரும்புகிறது என்று பார்க்கிறாள். வெளிச்சக் கற்றை 5.25 மில்லிமீட்டர் என்பதால் அதிகாலை லாரிகூடத் தெளிவாகத் தெரிகிறது.

பழவேற்காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 8x42, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மேல் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணைப் பதினைந்து மில்லிமீட்டராவது தள்ளி வைத்துப் பார்க்கும்படியானதாக வாங்குங்கள். வலதுகண் பக்கம் சுழலும் வளையத்தை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யாமல், மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உப்புக்காற்று பட்ட கண்ணாடியை வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். சென்னைப் பூஞ்சைக்கு ஜெர்மன் லென்ஸ் என்றும் பர்மா பஜார் லென்ஸ் என்றும் பேதம் கிடையாது. டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், விடிந்ததும் போய்விடுங்கள். பறவை தூரத்தில் இருந்தால் தூரத்திலிருந்தே பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்த ஏரி இது. கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் படம் எடுக்க வேண்டும், படகை விடுங்கள் என்று தயவுசெய்து மீனவர்களை நச்சரிக்காதீர்கள். அவர்களுக்குப் பாடு முறை தவறினால் பிழைப்பு போகும். பூநாரைக்கு மேய்கிற நேரம் போகும்.